ஜப்பானின் செம்படை: எழுந்த விதமும் விழுந்த விதமும்

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள். பாரிஸிலிருந்து டோக்கியோ செல்லும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் வழக்கம்போல் பம்பாயில் இறங்கி, பயணிகளை ஏற்றிக்கொண்டு பாங்காக் நோக்கிப் புறப்பட்டது. வானில் ஏறிய சிறிது நேரத்திலேயே ஐந்து பேர் துப்பாக்கியுடன் எழுந்து நின்றார்கள். 156 பேருடன் அந்த விமானம் டாக்காவில் போய் இறங்கியது. அக்காலத்தில் பம்பாயில் குடியிருந்த நம் மூத்தவர்கள் சிலருக்கு அன்றைய நாளேட்டுச் செய்திகள் நினைவிருக்கலாம். இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஐவரும் ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்தவர்கள். ஒழுங்குக்கும் உழைப்புக்கும் பெயர்போன நாடு, தொழில் வளர்ச்சியில் உலகையே வியக்க வைத்துக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட நாட்டில் இவர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்? இந்த வரலாற்றில் வருகிறவர்களில் பெரும்பாலோர் படித்த பிள்ளைகள். நல்ல பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தவர்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள நம் வீடுகளில் இதைப் பேசலாம் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கொந்தளித்த பல்கலைக்கழகங்கள்

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், 1951-இல் அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி அமெரிக்கப் படைகள் ஜப்பானிய மண்ணில் தங்கின. 1960-இல் அந்த ஒப்பந்தத்தைத் திருத்திப் புதுப்பிக்கும் வேலை வந்தபோது நாடே எதிர்த்தது. அணுகுண்டை அனுபவித்த மக்கள் அல்லவா? மீண்டும் ஒரு போரில் இழுத்துவிடப்படுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் மிச்சிகோ கன்பா என்ற டோக்கியோ பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தார். வயது 22. அமெரிக்க அதிபர் ஐசனோவரின் வருகை ரத்தாயிற்று. பிரதமர் கிஷி பதவி விலகினார். ஆனால் ஒப்பந்தம் மட்டும் நிறைவேறிவிட்டது.

இது இளைஞர்கள் மனத்தில் ஆறாத புண்ணாக நின்றது. இலட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லையே, அமைதி வழியால் என்ன பயன் என்று ஒரு சாரார் கேட்கத் தொடங்கினார்கள்.

பிறகு வியத்நாம் போர் வந்தது. ஓகினாவாவில் இருந்த தளங்கள் அப்போருக்குப் பயன்பட்டன. பல்கலைக்கழகங்களுக்குள்ளும் பிரச்சினைகள் இருந்தன. நிஹோன் பல்கலைக்கழகத்தில் 200 கோடி யென் அளவுக்குக் கணக்கில் வராத பணம் இருந்தது 1968-இல் வெளிப்பட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களின் பயிற்சி முறை பற்றிய தகராறு முற்றி, மாணவர்கள் யசுதா மண்டபத்தைக் கைப்பற்றிக்கொண்டார்கள். 1969 ஜனவரி 18, 19 ஆகிய இரு நாட்களில் ஆயிரக்கணக்கான போலீசார் முற்றுகையிட்டு அவர்களை வெளியேற்றினார்கள். அவ்வாண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வே நடக்கவில்லை. நம் ஊரில் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை ஓராண்டு நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களின் குறைகள் உண்மையானவை என்பதை மறக்கக் கூடாது. அன்று தெருவில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்லவில்லை. படிப்பை முடித்து வேலைக்குப் போய், நாட்டின் வளர்ச்சியில் பங்கு கொண்டார்கள். செம்படை என்பது அந்தப் பெருங்கூட்டத்தின் ஓர் ஓரத்தில் உடைந்த சிறு துண்டு.

பொம்மை வாளும் உண்மை விமானமும்

1969 செப்டம்பரில், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் படித்த தகாயா ஷியோமி என்பவரின் தலைமையில் 'செகிகுன்-ஹா', அதாவது செம்படைப் பிரிவு, தோன்றியது. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் புரட்சி, அதற்குப் பல நாடுகளில் தளங்கள் என்பது அவர்கள் கொள்கை. நவம்பரில் தாய்போசட்சு என்ற மலைப் பகுதியில் பயிற்சிக்குக் கூடினார்கள். பிரதமர் இல்லத்தைத் தாக்குவது திட்டம். போலீசார் விடுதியைச் சுற்றி வளைத்து 53 பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோன்றி இரண்டு மாதத்தில் முதுகெலும்பு முறிந்தது.

எஞ்சியவர்களில் ஒன்பது பேர் 1970 மார்ச் 31 அன்று, டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகா சென்ற 'யோதோ' என்ற பெயருடைய விமானத்தைக் கடத்தினார்கள். அவர்களில் ஒருவன் பதினாறு வயதுப் பள்ளி மாணவன். கையிலிருந்த வாள்களும் குண்டுகளும் போலியானவை. அது பின்னால்தான் தெரிந்தது. வடகொரியாவுக்குப் போக வேண்டும் என்றார்கள். தென்கொரியாவின் கிம்போ விமான நிலையத்தையே பியோங்யாங் போல வேடமிட்டு அவர்களை ஏமாற்றப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கடைசியில் போக்குவரத்துத் துணை அமைச்சர் யமமுரா, பயணிகளுக்குப் பதிலாகத் தம்மையே பிணையாக ஒப்படைத்துப் பியோங்யாங் வரை சென்று திரும்பினார். அந்த விமானத்தில் பயணம் செய்த ஷிகெயாகி ஹினோஹாரா என்ற மருத்துவர், கடத்தல்காரர்கள் படிக்கக் கொடுத்த நூல்களில் தாஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாராம். இவர் பின்னர் 105 வயது வரை வாழ்ந்து நாடறிந்த மனிதரானார்.

விமானக் கடத்தலுக்கென்று ஜப்பானில் அதுவரை சட்டமே கிடையாது. அவ்வாண்டுதான் இயற்றினார்கள்.

வடகொரியாவில் இராணுவப் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்து புரட்சி செய்யலாம் என்று போனவர்கள் அங்கேயே தங்கிவிட நேர்ந்தது. தலைவர் தமியா 1995-இல் அங்கேயே இறந்தார்.

பன்னிரண்டு பேரின் மரணம்

இனி வருவதுதான் இவ்வரலாற்றின் மிக இருண்ட பகுதி. வெளிநாடுகளில் செம்படை என்றால் விமானக் கடத்தலைத்தான் நினைப்பார்கள். ஜப்பானியர்கள் நினைப்பது இதைத்தான்.

1971 ஜூலையில் இரண்டு குழுக்கள் இணைந்தன. ஒன்று, ஷியோமி சிறை சென்றபின் ட்சுனேயோ மோரி தலைமையில் இயங்கிய செம்படைப் பிரிவு. வங்கிக் கொள்ளையில் கிடைத்த பணம் அவர்களிடம் இருந்தது. மற்றொன்று, ஹிரோகோ நகாதா என்ற பெண்ணும் ஹிரோஷி சகாகுச்சியும் நடத்திய, மாவோவைப் பின்பற்றிய சிறு குழு. அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு துப்பாக்கிக் கடையைக் கொள்ளையடித்திருந்ததால் ஆயுதம் அவர்களிடம் இருந்தது. ஒரு பக்கம் பணம், மறுபக்கம் துப்பாக்கி. இணைப்புக்கு இதுவே அடிப்படை. 'ரெங்கோ செகிகுன்', ஐக்கிய செம்படை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இணையும் முன்பும் பின்புமாகப் போலீசார் தேடிக்கொண்டே இருந்ததால் குன்மா மாகாணத்து மலைகளில் குடில் கட்டி ஒளிந்தார்கள். மொத்தம் 29 பேர். கடுங்குளிர்காலம்.

ஜப்பானிய இடதுசாரிக் கூட்டங்களில் 'சோகட்சு' என்று ஒரு சொல் உண்டு. நடந்ததைத் தொகுத்துப் பார்த்துக் குறை நிறை சொல்வது என்று பொருள். நம் சங்கத்தின் பொதுக்குழுவில் செயலாளர் ஆண்டறிக்கை படிக்கிறாரே, ஏறக்குறைய அதுபோன்ற சாதாரணச் சொல்தான். மலைக்குடிலில் அது வேறு பொருள் கொண்டது. ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பழைய குணங்களைக் களைந்து உண்மையான புரட்சிக்காரராக மாற வேண்டும், தானாக மாற முடியாதவரை அடித்து மாற்ற வேண்டும், அடிபட்டு மயங்கி விழித்தெழும்போது புது மனிதராக எழுவார் என்று மோரி ஒரு கொள்கை வகுத்தார். அடிப்பது உதவி என்றார். அடிபட்டவர் இறந்தால் அது 'தோல்வி மரணம்', அவர் தம்மை வெல்ல முடியாமல் இறந்தார் என்று விளக்கம் தரப்பட்டது.

குற்றங்கள் எவை? ஒரு பெண் விரலில் மோதிரம் அணிந்திருந்தாள். ஓர் ஆணும் பெண்ணும் முத்தமிட்டுக்கொண்டார்கள். வெளியே போன இடத்தில் பொதுக் குளியலறையில் குளித்துவிட்டு வந்தார்கள். இவைதான். அடித்து, பனியில் தூணில் கட்டிப்போட்டு, உணவு கொடுக்காமல் விட்டார்கள். 1971 டிசம்பர் 31-இல் முதல் மரணம். 1972 பிப்ரவரி 12-க்குள் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒரு பெண் எட்டு மாதக் கர்ப்பிணி. மூன்று சகோதரர்கள் ஒன்றாக அந்த மலைக்கு வந்திருந்தார்கள். மூத்தவனை அடிக்கும்படி தம்பிகள் இருவரும் பணிக்கப்பட்டார்கள், அடித்தார்கள். கடைத் தம்பிக்கு வயது பதினாறு. அண்ணன் இறந்தான்.

மலைக்குடில்களில் நடந்தவை மட்டுமே இவை. 1971 ஆகஸ்டிலேயே நகாதாவின் குழு, விலகிப் போன இருவரைக் கொன்று புதைத்திருந்தது.

எப்படி இது நடந்தது? பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அது விளக்கமாகாது. 1982-இல் தீர்ப்பு எழுதிய நீதிமன்றம் நகாதாவின் பொறாமை, பெண்ணுக்கே உரிய குணம் என்றெல்லாம் காரணம் காட்டியது. ஜப்பானியப் பெண்ணியவாதிகள் அதைக் கடுமையாகச் சாடியது முற்றிலும் நியாயம். மோரியும் சேர்ந்துதானே செய்தார்?

எனக்குப் படுவது இது. 'மாறிவிட்டேன்' என்று ஒருவர் நிரூபிக்க அங்கே எந்த அளவுகோலும் இல்லை. எப்போது சோகட்சு முடிந்தது என்பது மோரிக்கே தெரியாது. எதிர்த்துப் பேசினால் அடுத்த முறை தூணில் நிற்பது பேசியவரே. பேசாமல் இருந்தாலும் சந்தேகம். ஆகவே பாதுகாப்பான ஒரே இடம் அடிப்பவர் வரிசைதான். முதல் மனிதர் இறந்தபோது 'நாம் தவறு செய்துவிட்டோம்' என்று ஒப்புக்கொண்டிருந்தால் அது கொலை என்று ஆகிவிடும். கொள்கைப்படி சரிதான் என்று சொல்லிவிட்டதால் இரண்டாவது மரணத்துக்கு வழி திறந்தது. மோரியைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள். 1969-இல் ஓர் உட்சண்டையின்போது இயக்கத்தை விட்டு ஓடிப்போய்ப் பின்னர் திரும்பி வந்தவர் அவர். பிறர் மனத்தில் கோழைத்தனத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்ததற்கு இது காரணமாக இருக்கலாம்.

சிலர் இரவில் பனியில் இறங்கித் தப்பினார்கள். பிப்ரவரி 17-இல் மோரியும் நகாதாவும் பிடிபட்டார்கள். தப்பிய ஐவர் கருயிசாவா அருகே 'அசாமா சான்சோ' என்ற மலை விடுதியில் 19-ஆம் தேதி புகுந்து, விடுதிக் காப்பாளரின் மனைவியைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஐவரின் வயது 16 முதல் 25 வரை. மேற்சொன்ன தம்பிகள் இருவரும் அவர்களில் அடக்கம்.

போலீசார் உள்ளே இருப்பவர்களின் தாய்மாரை அழைத்து வந்து ஒலிபெருக்கியில் பேச வைத்தார்கள். அழுது கெஞ்சினார்கள். உள்ளிருந்து துப்பாக்கிக் குண்டுகள் பதிலாக வந்தன. அதே வாரத்தில்தான், பிப்ரவரி 21-இல், அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில் இறங்கி மாவோவுடன் கைகுலுக்கினார். மாவோ வழியில் அமெரிக்காவை வீழ்த்தப் புறப்பட்டவர்கள் அந்நேரம் மலை விடுதியில் முற்றுகையிடப்பட்டிருந்தார்கள்.

பிப்ரவரி 28-இல் பெரிய இரும்பு உருண்டையால் சுவரை இடித்து உள்ளே நுழைந்தார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. உச்ச நேரத்தில் 89.7 சதவீதம் பார்த்தார்கள் என்று கணக்கு. இரண்டு போலீஸ் அதிகாரிகளும் பொதுமகன் ஒருவரும் இறந்தார்கள். பெண்மணி 219 மணி நேரத்துக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்டார். உள்ளே இருந்த குனியோ பாண்டோவின் தந்தை அன்றே தூக்கிட்டுக்கொண்டார். (குளிரில் உறைந்துபோன சாப்பாட்டுப் பொட்டலங்களுக்குப் பதில் போலீசார் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்ட கோப்பை நூடுல்ஸ் அன்று முதல் நாடு முழுவதும் பிரபலமாயிற்று என்பது ஒரு விநோதம்.)

அதுவரை, 'வழி தவறினாலும் கொள்கைக்காக நிற்கும் பிள்ளைகள்' என்று அனுதாபப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். மார்ச் மாதம் மலையில் ஒவ்வொரு பிணமாகத் தோண்டி எடுக்கப்பட்டபோது அந்த அனுதாபம் அற்றுப்போனது. என் கருத்தில், ஜப்பானில் செம்படையின் கதை அந்த மாதத்தோடு முடிந்துவிட்டது. 1973 புத்தாண்டு நாளில் மோரி சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

பெய்ரூத் கிளை

ஃபுசாகோ ஷிகெனோபு 1945-இல் பிறந்தவர். சோயா சாறு தயாரிக்கும் கிக்கோமான் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே மெய்ஜி பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் படித்தவர். 1971 தொடக்கத்தில் ட்சுயோஷி ஒகுதாய்ரா என்பவரைப் பெயரளவில் திருமணம் செய்துகொண்டு லெபனான் சென்றார். அங்கே பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியுடன் சேர்ந்தார். மலையில் இறந்த பன்னிருவரில் ஒருத்தி அவருடைய நெருங்கிய தோழி. மோதிரம் அணிந்தாள் என்று மேலே குறிப்பிட்டது அவளைத்தான்.

1972 மே 30. இஸ்ரேலின் லோத் விமான நிலையத்தில் ஒகுதாய்ரா, யசுயுகி யசுதா, கோசோ ஒகமோட்டோ ஆகிய மூவரும் பெட்டியிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துப் பயணிகள் கூட்டத்தில் சுட்டார்கள். 26 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 பேர் புனித யாத்திரை வந்த புவெர்ட்டோ ரிக்கோ கிறிஸ்தவர்கள். பாலஸ்தீனப் பிரச்சினைக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு இதுவரை நேரான பதிலை நான் படித்ததில்லை. ஒகமோட்டோ மட்டும் உயிருடன் பிடிபட்டார். தாங்கள் மூவரும் ஓரியன் விண்மீன்களாக ஆக விரும்பியதாக நீதிமன்றத்தில் சொன்னார். அவருடைய அண்ணன் 'யோதோ' விமானத்தைக் கடத்தியவர்களில் ஒருவர்.

அதன்பின் வரிசையாகச் சம்பவங்கள். 1973-இல் கடத்திய விமானத்தைப் பெங்காசியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1974-இல் சிங்கப்பூரில் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கினார்கள். ஹேக் நகரில் பிரெஞ்சுத் தூதரகத்தைப் பிடித்தார்கள். 1975 ஆகஸ்டில் கோலாலம்பூரில் ஒரு தூதரகக் கட்டடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிணையாக வைத்து, சிறையிலிருந்த ஐவரை விடுவித்தார்கள். பாண்டோ அப்படிப் போனவர். சகாகுச்சியின் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் வர மறுத்துச் சிறையிலேயே இருந்துவிட்டார்.

இனி டாக்காவுக்கு வருவோம். கடத்தியவர்கள் கேட்டது 60 இலட்சம் டாலரும் ஒன்பது கைதிகளும். மனித உயிர் பூமியைவிடக் கனமானது என்ற கருத்தைச் சொல்லிப் பிரதமர் ஃபுகுதா இணங்கினார். ஒன்பதில் மூவர் வர மறுத்தார்கள். வந்த ஆறு பேரில் இருவர் அரசியல் தொடர்பே இல்லாத கொலைக் குற்றவாளிகள். புரட்சிப் படை இப்படியும் ஆள் சேர்த்தது.

வங்கதேசத் தரப்பில் விமானப் படைத் தளபதி மஹ்மூத் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்து பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். அக்டோபர் 2 விடியற்காலையில் அந்நாட்டு விமானப் படையிலேயே கலகம் வெடித்தது. விமான நிலையத்தில் பதினொரு விமானப் படை அதிகாரிகள் கலகக்காரர்களால் கொல்லப்பட்டார்கள். கலகம் அடங்கியபின் நூற்றுக்கணக்கான விமானப் படையினர் தூக்கிலிடப்பட்டார்கள். கலகத்தைச் செம்படை தூண்டவில்லை. ஆனால் கோபுரத்தில் எல்லாருடைய கவனமும் குவிந்திருந்த நேரம் அது. பணத்துடனும் கைதிகளுடனும் விமானம் அல்ஜியர்ஸ் போய்ச் சேர்ந்தது. பிணையாளிகள் வழியில் படிப்படியாக விடுவிக்கப்பட்டார்கள். ஜப்பானியப் பயணிகள் எல்லாரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். வங்கதேசத்தின் இழப்பு ஜப்பானிய நூல்களில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது.

அதே அக்டோபர் மாதம் மொகதிஷுவில் மேற்கு ஜெர்மனி தன் கமாண்டோக்களை அனுப்பிக் கடத்தல்காரர்களைச் சுட்டு வீழ்த்தியது. உலகம் இரண்டையும் ஒப்பிட்டது. ஜப்பானும் இரகசியமாக ஒரு சிறப்புப் போலீஸ் படையை அமைத்தது.

தேய்ந்த கதை

செம்படை எந்தக் காலத்திலும் சில டஜன் பேருக்கு மேல் இருந்ததில்லை. புதிய இளைஞர்கள் வரவில்லை. ஓகினாவா 1972 மே மாதமே ஜப்பானிடம் திரும்பிவிட்டது, வியத்நாம் போர் 1975-இல் முடிந்தது, வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சியும் காரும் வந்தன. ஏன் போராட வேண்டும் என்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1982-இல் இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்தபோது பெய்ரூத் புகலிடமும் போனது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் இவர்களை வைத்துக்கொள்ள எந்த அரசுக்கும் அவசியம் இல்லை. 1997-இல் லெபனான் ஐவரைக் கைது செய்தது. 2000-இல் நால்வரை ஜப்பானுக்கு அனுப்பிவிட்டு, 1985-இல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை பெற்றிருந்த ஒகமோட்டோவுக்கு மட்டும் அரசியல் அடைக்கலம் தந்தது.

நகாதா 2011-இல் மூளைக் கட்டியால் சிறையில் இறந்தார். சகாகுச்சிக்கு 1993-இல் மரண தண்டனை உறுதியானது. கூட்டாளியான பாண்டோவின் வழக்கு முடியாததால் அது நிறைவேற்றப்படாமல் நீள்கிறது என்பார்கள். சிறையிலிருந்து அவர் எழுதிய 'தங்கா' குறுங்கவிதைகள் நாளேட்டில் வெளிவந்தன.

ஷிகெனோபு இரகசியமாக ஜப்பான் திரும்பி 2000 நவம்பரில் ஒசாகா அருகே பிடிபட்டார். மறு ஆண்டு சிறையிலிருந்தே செம்படை கலைக்கப்பட்டதாக அறிவித்தார். இருபதாண்டுத் தண்டனை. 2022 மே 28-இல் விடுதலையாகி, தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத அப்பாவி மக்களுக்குத் தீங்கு செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

அவருக்கு ஒரு மகள். 1973-இல் லெபனானில் பிறந்தவள். தாய் யார் என்று வெளியே சொல்ல முடியாமல், பெயரை மாற்றி மாற்றி, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் வளர்ந்தாள். 2001-இல்தான் ஜப்பானியக் குடியுரிமை பெற்றுத் தாய்நாட்டைப் பார்த்தாள். சிறை வாசலில் தாயை அழைத்துப் போக வந்தபோது மகளுக்கு வயது 49.